சுமை: 290 மைக்ரோஹென்றி

பொதட்டூர்பேட்டை, நெசவாளர் சங்கக் கூடம்.
சுவரோரம் இரண்டு சுற்று வயர் ஓட்டியிருக்கிறேன்,
எண்பது மீட்டர்,
வாசற்படியில் மட்டும் கல்லைக் கீறிப் புதைத்து.
விசைத்தறியருகே முப்பது வருஷம் நின்ற காதுகளுக்கு
ஸ்பீக்கர் வெறும் சந்தை இரைச்சல்.
காதுக்கருவியை டி பக்கம் தள்ளினால்
வயருக்குள் போகும் பேச்சு
காற்றைத் தொடாமல் உள்ளே இறங்கும்.
அப்படித்தான் எழுதிக் கொடுத்து
பதினோராயிரம் முன்பணம் வாங்கினேன்.

ஆம்ப்ளிஃபயர் என் கையால் செய்தது.
மேஜையில் ஸ்பீக்கரை மாட்டி ஓட்டியபோது சாது.
இந்த வயரை மாட்டியதும் ஹீட்சிங்க் சுட்டது.
ஒரு சத்தமும் இல்லை,
சுட்டது, அவ்வளவுதான்.
ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால்
சைன் அலையின் முதுகில் நூல் பிசிறு,
தொண்ணூறு கிலோஹெர்ட்ஸ்.
எனக்கும் கேட்காது, நவநீதத்துக்கும் கேட்காது.
வௌவாலுக்கு வேண்டுமானால் கேட்டிருக்கும்.
அந்த ஒரு சத்தத்துக்கு
ஊரே செவிடு.

சுருளின் குணம் தெரிந்ததுதான்.
அழுத்தம் கொடுத்தால் உடனே ஓடாது,
யோசித்துவிட்டு ஓடும்.
ஓட்டத்தை அளந்து திருப்பிச் சொல்ல
பத்தில் ஒரு ஓம் வைத்திருந்தேன்.
அது சொன்னது உண்மை, ஆனால் பழைய செய்தி.
பழைய தப்பைத் திருத்தப் போய்
ஆம்ப்ளிஃபயர் புதுத் தப்பு செய்கிறது,
அதைத் திருத்த இன்னொன்று,
வினாடிக்குத் தொண்ணூறாயிரம் தடவை.
"நம்ம கூலி உயர்வு இப்படித்தான் வரும்" என்றார்
ஏணியைப் பிடித்திருந்த செங்கல்வராயன்,
"நூல் விலை ஏறி எறங்கின அப்புறம்."

புத்தகம் சொல்லும் பத்து ஓம், பாயிண்ட் ஒன்று மைக்ரோ
ஸ்பீக்கருக்குத் தைத்த சட்டை.
கால் வாட் ரெசிஸ்டர் கருகி
கூடமெல்லாம் அந்த வாடை.
நகரிக்குப் பஸ் ஏறினேன்.
பீங்கான் ரெசிஸ்டர், ஐந்து வாட்,
கடைக்காரர் தெலுங்கில் சொன்ன விலையைத்
தமிழில் குறைத்து வாங்கி வந்தேன்.
தூண்டலை ஓமின் வர்க்கத்தால் வகுத்தால்
இரண்டு புள்ளி ஒன்பது.
அப்படி ஒரு கெப்பாசிட்டர் எந்தக் கடையிலும் இல்லை.
இரண்டு புள்ளி இரண்டும் பாயிண்ட் ஆறெட்டும்
பக்கம் பக்கமாகப் பற்றவைத்தேன்.
பிசிறு சுருங்கியது, நிற்கவில்லை.
பின்னூட்டப் பாதையில் ஒரு பொடிக் கெப்பாசிட்டர்:
நாற்பத்தேழு பைக்கோ,
நூறு,
இருநூற்றிருபது வைத்ததும் அலை
கஞ்சி போட்டு உலர்ந்த பாவு மாதிரி
படிந்து கிடந்தது.
ஹீட்சிங்க்கில் உள்ளங்கையை வைத்தேன்.
வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.
டி பக்கம் தள்ளியவர்கள் ஏழு பேர்.
"பக்கத்துத் தெரு தறி உம்முனு உள்ள வருது"
என்றார் நவநீதம்.
மோட்டார்களின் காந்தம்.
காதை எடுத்தது போதாதென்று
கருவிக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது.
அதற்கு என்னிடம் கெப்பாசிட்டர் கிடையாது.

சேலைக்கு எட்டு ரூபாய் ஏற்றிக் கேட்கிறீர்கள்,
முதலாளியிடம் கலந்து சொல்கிறேன் என்று
செயலாளர் ஸ்பீக்கர் சுவிட்சை அணைத்தார்.
நகரியிலிருந்து வந்திருந்தவர் பக்கம் சாய்ந்தார்.
"ரெண்டு சாலு. வீள்ளக்கு வினபடது."
இரண்டு போதும். இவர்களுக்குக் கேட்காது.

மைக் மேஜைமேலேயே இருந்தது.
என் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நல்ல காதுள்ள நூற்றுச் சொச்சம் பேர்
நோட்டீஸால் விசிறிக்கொண்டிருக்க
ஏழு பேர் எழுந்தார்கள்.
"எட்டு" என்றார் நவநீதம்,
தறி ஓடும்போது பேசுகிற குரலில்.

ஏழரைக்கு முடிந்தது.
எனக்குச் சேர வேண்டிய மீதியைச்
செயலாளர் இன்னும் தரவில்லை.