சுகந்தாபாயின் ஃபேன் கூண்டு

மிக்சிக்குக் காயில் கட்டிய கூலியை
வீரணன் பணமாகத் தரவில்லை.
நிலக்கோட்டையிலிருந்து மாட்டுத்தாவணிக்குப்
பூமூட்டை ஏற்றிவரும் வண்டியில்
ஈரச்சாக்கு சுற்றி இருபத்தொரு சம்பங்கிக் கிழங்கு
கொண்டுவந்து மேசையில் கொட்டினான்.
"ஊன்டிப் பாருண்ணே, மாடியே மணக்கும்."

வில்லாபுரத்தில், கடைக்கு மேலே மொட்டைமாடி.
ஏழு பெயின்ட் வாளி, வாளிக்கு மூன்று.
செம்மண்ணும் மாட்டெருவும் கலந்து
முளை மேலே பார்க்க ஊன்றிவிட்டு
கைகழுவி, சால்டரிங் வேலைக்குத் திரும்பினேன்.

மறுநாள்
ஆறு கிழங்கு தரையில் கிடந்தன,
வெங்காயம்போல் தோலுரிந்து,
ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கடி.
தின்றிருந்தால் பசி என்று விட்டிருப்பேன்.
ருசிபார்த்து, பிடிக்காமல்,
அடுத்ததாவது எப்படி என்று பார்த்திருக்கிறது.

தண்ணீர்த்தொட்டி விளிம்பில் உட்கார்ந்து
வாலால் கணக்கெழுதிக்கொண்டிருந்தது.
முதுகில் மூன்று கோடு:
ஃபேஸ், நியூட்ரல், எர்த்.

மிளகாய்த்தூள் தூவச் சொன்னாள்
பக்கத்து மாடி அமலோற்பவம்.
தூவினேன். காற்று அதை
என் கண்ணுக்கே திருப்பிக் கொடுத்தது.
பழைய சிடிகளைக் கட்டித் தொங்கவிட்டேன்.
அதில் முகம் பார்த்து மீசை துடைத்தது.
கருவேலமுள் பரப்பினேன்.
பூனை வராத இடமாகப் போனதில்
இன்னும் நிதானமாகத் தோண்டியது.

"ஒரு ஒயரை லேசா இழுத்து விடுங்க,
உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே"
என்றார் டீமாஸ்டர் சிக்கந்தர்.

தெரிந்த வேலைதான்.
டவுன்ஹால் ரோட்டில் ஒரு லாட்ஜ்,
மெயினை அணைத்தேன் என்று சொன்ன பையன்
வேறெதையோ அணைத்திருந்தான்.
விட்டபிறகும் மூன்று நாள்
பல்லிடுக்கில் ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது.
சிக்கந்தரிடம் அதைச் சொல்லவில்லை.
டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைப் பரணில்
மார்கழியில் கொடுத்துவிட்டுப்போன டேபிள்ஃபேன்கள்.
குளிரில் யாரும் கேட்டு வரமாட்டார்கள்.
ஏழு முன்கூண்டைக் கழற்றி, வாளிக்கு ஒன்றாய்க் கவிழ்த்து,
செங்கல் பாரம் வைத்தேன்.

அணில் சுற்றிச் சுற்றி வந்தது.
கம்பிக்குள் கையை விட்டது, தோள்வரைக்கும்.
எட்டவில்லை.
என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு
அமலோற்பவத்தின் வடகத்துக்குப் போனது.
அன்று மாலை அவள் என்னிடம் பேசவில்லை.

பங்குனி வெயில் முதுகில் அறைந்த ஒரு திங்கட்கிழமை
கிருஷ்ணாபுரத்திலிருந்து சுகந்தாபாய் வந்தார்.
"ஓடுதா?"
"ஓடுது."
"கூண்டு எங்க?"

மாடிக்குக் கூட்டிப்போனேன்.
மூன்றாவது வாளி.
ஒல்லியாய்க் கம்பியிடுக்கில் நுழைந்த தண்டு
வெளியே வந்தபின் மொட்டுவைத்துப் பருத்து நின்றது.
கூண்டைத் தூக்கினால் மொட்டு உதிரும்.
தண்டை வெட்டினால் கூண்டு வரும்.
கட்டிங் பிளேயர் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

அவர் குனிந்து
மொட்டையும் கம்பியையும் விரலால் அளந்தார்.
ஜரிகை எண்ணிப் பழகிய விரல்.
"எத்தன நாள் பூக்கும்?"
"ரெண்டு வாரம், மிஞ்சினா மூணு."
"பீரோ மேல வச்சுக்கறேன். யாருக்கும் எட்டாது.
கூலி பாதிதான் தருவேன்."

கொஞ்சம் பேரம் பேசிப் பார்த்தேன்.
பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டதே பெரிசு.
மொட்டை முகத்தோடு அந்த ஃபேனை
இடுப்பில் பிள்ளையைப்போல் இடுக்கி
ஷேர் ஆட்டோவில் ஏறினார்.

சாயங்காலம் தண்ணீர் ஊற்றப் போனால்
கீழ்மொட்டு இரண்டு விரிந்திருக்கிறது.
கூண்டின் உச்சியில் அது.
யார் வீட்டுப் பொட்டுக்கடலையோ
கன்னத்தில் அடக்கிக்கொண்டு
இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருக்கிறது,
ஒன்றும் ஓடாத கம்பியை.