நிக்கலுக்கு நஞ்சு

டாக்டர் ஏக்கார்ட் லூடர்ஸ்
எங்கள் ஆலைக்கு வந்தது தொண்ணூற்றாறு ஆடியில்.
பத்து நாள் ஒப்பந்தம்.
கேட்டில் சவரிமுத்து அவரை 'லூதர் சார்' என்றார்,
மிஷன்காரர் என்று நினைத்து
மகளுக்கு ஒரு நர்சிங் சீட்டும் கேட்டுப் பார்த்தார்.

லேபில் உதவியாள் நான். டைப்பிங்கும் தெரியும்.
அவருடைய பயோடேட்டா ஒன்பது பக்கம்,
நூற்றுப் பதினான்கு கட்டுரைகள்:
பிளாட்டினம், பல்லேடியம், நிக்கல்
எப்படி வேலை செய்கின்றன என்று பதினொன்று,
எப்படிச் சாகின்றன என்று மிச்சமெல்லாம்.

வினையூக்கி மாறாமல் வெளிவரும் என்று
பிளஸ் டூவில் படித்ததைச் சொன்னேன்.
சிரித்தார்.
"மாறாமல் வந்தால் எனக்கு ஏது சம்பளம்?
அதற்கும் மூப்பு உண்டு. கரி படியும்.
சூட்டில் துகளோடு துகள் ஒட்டிக் கட்டிதட்டும்.
நஞ்சு பட்டால் ஒரே நாளில் போய்விடும்."

அவர் ஆய்வைத் தொடங்கிய தேசம்
இப்போது வரைபடத்தில் இல்லையாம்.
நாற்பது வருட வினையில் நாடு கரைந்துபோக
வடிதாளில் மிஞ்சியது நான் மட்டும் என்றார்
தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு மாலை.
அதைச் சோகமாகச் சொல்லவில்லை.
சுண்டலில் மாங்காய் போதவில்லை என்பதைத்தான்
சோகமாகச் சொன்னார்.

ஆலையின் நோய் இதுதான்:
ஹைட்ரஜன் ஏறுவது நின்றுபோயிருந்தது.
எட்டு மணி நேர பேட்ச்
முப்பது மணி நேரமாகியும் முடியாமல்
வயிறு உப்பிய மாடு மாதிரிக் கிடந்தது ரியாக்டர்.
நிக்கலை மாற்றினார்கள். ஷிப்டு ஆளை மாற்றினார்கள்.
வால்வில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள்.

அவர் எதையும் மாற்றவில்லை.
தண்ணீருக்கடியில் வைத்திருந்த கறுப்புப் பொடியில்
ஒரு சிட்டிகை எடுத்து வடிதாளில் பரப்பினார்.
நல்ல நிக்கல், காய்ந்ததும் தானாகப் பற்றிக்கொள்ளும்.
இது பற்றவில்லை.
ஆறிய அடுப்புக் கரிபோலக் கிடந்தது.

பிறகு கழுவும் குழாயைத் திறந்து
இரு கையிலும் நீரை ஏந்தி முகர்ந்தார்.
"அஞ்ச," என்றார்.
அஞ்சலாட்சியில் பாதிதான் அவர் வாய்க்குள் அடங்கும்.
"இந்த நாற்றம் உங்களுக்குத் தெரியவில்லையா?"

எனக்கு எப்படித் தெரியும்?
அதைத்தான் காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தேன்.
எங்கள் தெருவில் தண்ணீரின் வாசனையே அது.

பாட்டில் பாட்டிலாகச் சோதித்தோம். கந்தகம்.
ஆலை போர்வெல், உப்பனாற்று ஓரத்துக் கிணறு,
கடைசியில் எங்கள் வீட்டு அடிபம்பு.
அதை நான் செம்பில் கொண்டுபோயிருந்தேன்.
புளி போட்டுத் தேய்த்தும் போகாத கறுப்பு
செம்பின் உட்புறத்தில்.
அதை அவர் நீரைவிட அதிக நேரம் பார்த்தார்.

பென்சிலில் எழுதிய அறிக்கையின் கடைசி வரிகள்:
'இந்நீர் நிக்கலுக்கு நஞ்சு.
மனிதருக்கு என்ன என்பது என் துறை அல்ல.'
மறுநாள் காலை
'என்பது என் துறை அல்ல' மட்டும் அடிக்கப்பட்டிருந்தது.
மனிதருக்கு என்ன
என்று நின்றுபோன வாக்கியம்,
கேள்விக்குறிகூட இல்லாமல்.

மேலாளர் அதைச் சிவப்பில் வட்டமிட்டார்.
"ஒப்பந்தம் நிக்கலைப் பற்றியது, டாக்டர்."
லூடர்ஸ் கண்ணாடியைத் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.
"எடுத்துவிடுங்கள்," என்றார் என்னிடம்.
எடுத்துவிட்டேன்.
ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் போதும்.

அடுத்த மாதமே நிக்கலுக்கு நல்ல தண்ணீர் வந்தது:
கரிப்படுகை, இரண்டு வடிகட்டி, எட்டு லட்சம்.
பேட்ச் ஏழரை மணியில் முடிந்தது. லட்டு கொடுத்தார்கள்.

அவர் இறந்தபோது ஆலைக்கு வந்த அஞ்சலிக் குறிப்பில்
நூற்றுப் பதினான்கும் இருந்தன. கடலூர் இல்லை.

அன்றைக்கு நாங்கள் குடங்களோடு
ரோட்டில் உட்கார்ந்து பதினாறாவது நாள்.
மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசில்
அந்தப் பென்சில் தாளின் ஜெராக்ஸை நீட்டினேன்.
எழுத்து மங்கல்.
கிளார்க் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்,
திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.
"மனிதருக்கு என்ன... மிச்சம் எங்கம்மா?"