எட்டாவது விலாவின் கீழ்

சட்டைதான் முதலில் பகைத்தது.
பழைய பருத்தி, நூறு தரம் தோய்த்தது.
அது பட்டால்
யாரோ தணலை இடுக்கியால் எடுத்து
விலாவோரம் வரிசையாய் வைத்துப்போவதுபோல்.

அக்கி ஆறி ஐந்து மாதம்.
"காய்ஞ்சிட்டுதே" என்கிறாள் பவளராணி.
தோல் காய்ந்ததுதான்.

ஏழு வயதில் எனக்குக் கொப்புளிப்பான்.
வேப்பிலைத் தண்ணீர் வார்த்து
வழியனுப்பியதாய் நினைத்தார்கள்.
அது முள்ளந்தண்டோரம்
ஒரு நரம்பு முடிச்சில் சுருண்டு படுத்து
ஐம்பத்தொரு வருடம் கிடந்தது.
வினிபெக்குக்கும் என்னோடுதான் வந்தது,
விசா இல்லாமல்.

டாக்டர் ஃப்ரீசன் பழைய உறையின் பின்புறம்
கீறிக் காட்டினார்:
இங்கே நரம்பு பழுது.
சோடியம் நுழையும் வாசல்கள் தாழ் கழன்று
காற்றில்லாமலே அடிக்கின்றன.
முண்ணாணும் இப்போது காது கூர்மையாகி
இறகு விழுந்தால்
இடி என்று பதிகிறது.

இருபது வருடம் இரவில்
தபால் பிரிக்கிறவன் நான்.
பிழை விலாசம், கிழிந்த விலாசம், செத்தவர் விலாசம்
எல்லாம் பார்த்தாயிற்று.
இது அனுப்பியவர் இல்லாத வெற்று உறை.
நிமிடத்துக்கு ஒன்று,
ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து.

காபபென்டின் மூன்று வேளை.
நோவை விட்டு என்னைத் தூங்கவைத்தது.
பார்சல் பட்டி ஓட ஓட
நின்றபடி குறட்டை விட்டேனாம்.

பிறகு மிளகாய்.
அதன் உறைப்பை மட்டும் வடித்தெடுத்து
ஒட்டுத்துண்டில் பூசியிருக்கிறார்கள்.
தாதி மரிசெல் இரண்டு சோடி கையுறை போட்டாள்.
"ஒரு கிலோ தூள் கிடக்கு வீட்டில,
இதுக்கோ இஞ்ச வந்தனாங்கள்?"
பவளராணி.

பத்துக்கு எத்தனை, என்று கேட்டாள் மரிசெல்.
"நோ" என்று வாய் தவறியது.
இல்லை என்று எழுதப்போனாள்.
எங்கள் பாஷையில்
அதன் பெயரே அதுதான் என்று விளக்க
அந்த நேரம் ஆங்கிலம் வரவில்லை.
எட்டு விரல் காட்டினேன்.

ஒரு மணிநேரம்.
ஐஸ் பொட்டலம், பல்கடி,
யன்னலுக்கு வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கத்திக் கத்தி ஓயுமாம் நரம்பு நுனி,
உள்ளே சுருங்கிப் போகுமாம்,
மூன்று மாதத்தில் திரும்ப முளைக்குமாம்.
சிலருக்கு.

பன்னிரண்டாம் நாள் இரவு
பவளராணி புரண்டு படுத்ததில்
முழங்கை அங்கேயே விழுந்தது.
மூச்சை அடக்கிக் காத்திருந்தேன்.
வந்தது. பனிப்புயல் நாள் தபால்போலப் பிந்தி.
நாலு, என்று எண்ணினேன் இருட்டில்.

"என்னப்பா?"
"நோ" என்றேன்.
எந்த மொழியில் என்று அவள் கேட்கவில்லை.
கையையும் எடுக்கவில்லை.