கையொப்பம் பொருந்தவில்லை

மூன்றாம் இரவு. மஞ்சக்குப்பத்து அறையில்
மின்விசிறி மட்டும் பிழையில்லாமல் ஓடுகிறது.

நெய்வேலிக்காரர் நானூற்றைம்பது கட்டிவிட்டார்.
வங்கி எடுத்துக்கொண்டது.
எங்கள் தளம் ‘தோல்வி’ என்கிறது.
கையொப்பம் பொருந்தவில்லையாம்.

அந்தப் பணம் இப்போது
கெடிலம் கடலைத் தொடுமிடத்தில்
உப்பா நல்லதா என்று சொல்லமுடியாத தண்ணீராக
எங்கோ நிற்கிறது.

லாக்கை வரிவரியாக மேய்கிறேன்.
அஞ்சலாட்சி அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பிய சாவி.
அதன் வாலில்
கண்ணில் படாத ஓர் இடைவெளி.

அழித்தேன்.
திரையில் எதுவும் மாறவில்லை.
என் காசில் ஒரு ரூபாய் அனுப்பினேன்,
போய்ச் சேர்ந்தது.

விடிந்ததும் சிங்காரத்தோப்பிலிருந்து போன்:
“என்னதாம்பா கோளாறு?”
“ஒண்ணுமில்லக்கா.”
“ஒண்ணுமில்லாததுக்கா மூணு நாளு?”

அவள் பின்னால் யாரோ
தராசில் நெத்திலி கொட்டும் சத்தம்.