எல் என்று எழுதிய பக்கம்

கிராஸ்கட் ரோட்டில் இரண்டாம் மாடிக் கடை.
கண்ணாடி மேஜைமேல் நான்கு ஹெட்போன்களைப்
பரப்பி வைத்தான் நவ்ஃபல்.
"கேட்டுப் பார்த்து எடுங்கக்கா, அவசரமே இல்லீங்."

போனஸ் பணம் ஏழாயிரம் பையின் உள்ஜிப்பில்.
கேட்டுப் பார்ப்பதுதான் என் வேலையே
என்று அவனிடம் சொல்லவில்லை.
கணபதியில் பம்ப் கம்பெனி, டெஸ்டிங் பெஞ்ச்,
நாளுக்கு நூற்றிருபது மோட்டார்.
ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பேரிங் மூடியில் ஊன்றிப்
பிடியைக் காதோடு வைத்தால்
நல்ல பேரிங் ஒரே மூச்சாய் இழுக்கும்.
கெட்டது, வாணலியில் ரவை வறுபடுகிற மாதிரி.
பதினோரு வருஷம்.
நான் சாக்பீஸில் டிக் போட்டு அனுப்பியவை
அந்தியூரிலும் தாராபுரத்திலும்
இந்நேரம் தண்ணீர் தள்ளிக்கொண்டிருக்கும்.

முதலாவது, காதைச் சுற்றி மூடுகிற பெரிய கறுப்பு.
மெத்தை என்னவோ மெத்துமெத்தென்றுதான்.
ஐந்து நிமிஷத்தில் உள்ளே வேர்த்துத்
தோட்டுத் திருகு பின்னால் குத்த ஆரம்பித்தது.
தவில் மட்டும் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு
பாடுகிறவளைப் பின்வரிசைக்குத் தள்ளியது,
பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி.

இரண்டாவது காதின் மேலேயே உட்காரும்.
எடையே இல்லை. குனிந்தால் மட்டும் வழுக்குகிறது.
பாடுகிறவள் அடுத்த அடிக்கு மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.
மூச்சு கேட்டால் எனக்குப் பிடிக்கும்.

மூன்றாவது, சத்தத்தைச் சாப்பிடுகிற ரகம்.
பொத்தானை அமுக்கினான்.
ஏசியின் உறுமல் போயிற்று.
கீழே "ஒண்டிப்புதூர், ஒண்டிப்புதூர்" என்று
கூவிய கண்டக்டர் போனார்.
நவ்ஃபலின் வாய் மட்டும் அசைந்தது.
பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக
எந்த மோட்டாரும் ஓடாத ஒரு நிமிஷம்.

பிறகு பாட்டைப் போட்டான்.
அதில் ஒரு ஜால்ரா இருந்தது.
வலப்பக்கம் ஊசிமுனையாய் மினுங்கியது.
இடப்பக்கம் ஈரத்துணியில் சுற்றிய ஜால்ரா.

"தம்பி, இந்த எல் சைடு டல்லுங்."
"புதுப் பீஸுங்கக்கா."
கழற்றித் திருப்பி மாட்டினேன்.
ஆர் இப்போது இடப்பக்கம்.
ஈரத்துணி இருந்த இடத்திலேயே இருந்தது.

இரண்டாவதை எடுத்தேன், திருப்பினேன்.
முதலாவதை, வேர்வையோடு, திருப்பினேன்.
விலை பார்த்துத் தொடாமல் வைத்திருந்த
நான்காவதையும்.
நான்கு கம்பெனியும் பேசிவைத்துக்கொண்டு
ஒரே பக்கத்தைக் கெடுக்காது.

சத்தம் வருகிற மோட்டாரில்
முதலில் கப்பாசிட்டரை மாற்றுவோம்,
அப்புறம் பேரிங்கை, அப்புறம் விசிறியை.
எல்லாம் மாற்றியும் மாறவில்லை என்றால்
கோளாறு பெஞ்சில் என்று நோட்டில் எழுதுவோம்.

ஸ்குரூ டிரைவர் பிடியை எந்தக் காதில் வைக்கிறேன்?
மேஜையடியில் கையை வைத்துப் பார்த்தேன்.
வலது. முன்பெல்லாம் இடது.
"ஏனுங்கக்கா, கோழியாட்டத் தலையைச் சாய்ச்சுக்கறீங்?"
என்று சவுடேஸ்வரி கேட்டு நாங்கள் சிரித்தது
போன ஆடியா, அதற்கும் முந்தியா.
இடது மங்கத் தொடங்கியதற்கும்
என் கை தானாக வலதுக்குப் போனதற்கும் நடுவே
எத்தனை டிக்?
எந்தத் தோட்டத்தில், எவர் கிணற்றில்,
ரவை வறுபட்டுக்கொண்டிருக்கிறது?

"போன்லயே சரி பண்ணிக்கலாங்கக்கா."
செட்டிங்ஸுக்குள் ஒரு கோட்டைக் காட்டினான்.
கோட்டின் நடுவில் ஒரு புள்ளி.
இடப்பக்கமாய் இழுத்தேன்.
இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.
ஜால்ரா நடுவுக்கு வந்து நின்றது,
புள்ளி ஓரத்தில்.

"எதுங்க்கா எடுத்துக்கறீங்?"
எடையில்லாததை, என்றேன்.
அது காதை மூடுவதில்லை.
மூவாயிரத்து நானூறு.
மிச்சத்தை உள்ஜிப்பில் திரும்பப் போட்டுக்கொண்டேன்,
காது டாக்டர் எவ்வளவு கேட்பாரோ.

படியிறங்கினால் வாசலில் ஜெனரேட்டர்,
கரண்ட் போயிருந்தது.
தலையைச் சாய்க்காமல் நின்று கேட்டேன்.
பேரிங் நன்றாகத்தான் இருந்தது.
சாய்த்துக் கேட்டேன்.