நான்காம் கேள்வி

பழையபேட்டையில் மருந்துக்கடைக்கு மேலே என் அறை.
மூன்று நாற்காலி. ஃபேன் காற்றில் பறக்காதபடி
படிவங்களின் மேல் ஒரு கிரானைட் துண்டு.

திம்மராஜ் ஓசூர் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து
கழுத்து அட்டையைக் கழற்றாமலே வருவான்.
நாகவேணி மாங்கூழ் ஆலையில் ஒரு மணிநேரம் பர்மிஷன்;
நக ஓரங்களில் போகாத மஞ்சள்.

அவள் கேட்பாள். அவன் வாயைப் பொத்திக்கொள்வான்.
அவன் பொத்தப் பொத்த அவள் குரல் ஏறும்.
குரல் ஏற ஏற அவன் படியிறங்கிப் போவான்.
இதற்கு ஆய்வுக் கட்டுரையில் ஒரு பெயர் உண்டு.
யார் தொடங்கியது என்று தேடாதே,
சுற்றைக் காட்டு என்கிறது.
காட்டினேன். தாளில் இரண்டு அம்புக்குறி.
திம்மராஜ் சிரித்தான், கையை எடுக்காமல்.
நன்றாகப் போகிறது என்று நோட்டில் எழுதினேன்.

அதே கட்டுரையில் எனக்குப் பிடிக்காத பத்தி ஒன்று:
தேறுகிறார்களா என்று ஆலோசகரைக் கேட்காதே,
அவருக்குத் தெரியாது.
வந்தவர்களைக் கேள்.
வாராவாரம் கேள். எண்ணாகக் கேள்.

நான்கு கேள்வி, பத்துக்கு எத்தனை.
முதல் வாரம் அவள் ஆறு. பிறகு ஐந்து.
மூன்றாம் வாரம் நான்காம் கேள்விக்கு,
'இந்த அறையில் உங்கள் பேச்சு காதில் விழுந்ததா',
ஒன்று.
அதுவும் எதையோ அடித்துவிட்டுப் போட்ட ஒன்று.

பதினைந்து வருட அனுபவம் எனக்கு.
அது அந்த ஒன்றைப் பார்க்கவேயில்லை.

"ஏம்மா ஒன்று?"
"அவரு வாயத் தொறந்தா பேனா எடுக்கறீங்க சார்.
நான் பேசுனா வாட்ச்சப் பாக்கறீங்க."

கீழே யாரோ இருமல் மருந்து கேட்டார்கள்.
வாட்ச்சைக் கழற்றி டிராயரில் போட்டேன்.
வேறென்ன செய்வது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

அப்போதுதான் திம்மராஜ் கையை இறக்கினான்.
போர்த்தண்ணீரின் ஃபுளோரைடு ஏறிய பல்,
குறுக்கே பழுப்புக் கோடுகள்.
"பொண்ணு பாக்க வந்தப்பவும் மூடித்தான் வச்சிருந்தேன்."
"டீ குடிக்கறப்பவே பாத்துட்டேன்," என்றாள்.
குரல் ஏறவில்லை.

அன்றைய தாள்: அவன் ஏழு. அவள் நான்கு.
நான்கை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.
எல்லா ஜோடிக்கும் ஆவதில்லை என்பதும்
அதே கட்டுரையில்தான் இருக்கிறது.

கிளம்பும்போது நாகவேணி கல்லை நகர்த்தி
ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினாள்.
"நீங்களும் போடுங்க சார்."

வியாழன் வந்துவிட்டது.
இன்னும் போடவில்லை.