எட்டா மூன்றா

ஹெரால்டுக்கு மற்ற கார்களைப் போல
பானெட் மட்டும் திறக்காது.
விளக்கு, மட்கார்டு எல்லாவற்றோடும்
முன்னால் கவிழ்ந்து
"ஆ" காட்டும்.
அதற்காகத்தான் வாங்கினேன் என்றால்
யாரும் நம்பவில்லை.
நாளுக்கு இருபது வாய் பார்க்கிறவளுக்கு
வீட்டிலும் ஒன்றா, என்றார் உபேந்திரன்.
கேட்டுக்கொண்டே சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

பெரம்பூர், நெல்வயல் சாலைக்குப் பின்சந்து.
சுவருக்கும் மதிலுக்கும் நடுவே
ஏழரை அடி.
டேப்பைச் சுருட்டியபடி வெல்டர் டேனிஸ்லாஸ் சொன்னார்:
"ஏழரை தானா வந்து நின்னுருக்கு டாக்டரம்மா."

புது எஞ்சின் தயார்.
புது என்றால் புதுப்பேட்டையில் புது.
நசுங்கிய எஸ்டீம் ஒன்றின் வயிற்றிலிருந்து எடுத்தது,
தார்பாய் போர்த்தி மாடிப்படிக்கு அடியில்
வாடகை தராமல் குடியிருக்கிறது.
அதை இறக்கத்தான் அவசரப்பட்டேன்.
"பல்லு கட்றதுக்கு முன்ன
ஈறு பாக்க மாட்டீங்களா?"

பார்த்தேன்.
கார்ப்பெட்டை உரித்தால் ரப்பர்,
ரப்பரை உரித்தால் தார்,
தாருக்கு அடியில்
ஊறிய பிஸ்கட்.
ஓட்டுநர் பாதம் வைக்கும் இடத்தில்
வாசல் சிமெண்ட் தெரிந்தது,
அதில் ஓர் எறும்பு வரிசையும்.
வெள்ளத்தில் நின்ற வண்டி என்று
விற்றவர் சொல்லவில்லை.
கதவின் உட்புறம்
நேர்கோடாகக் காய்ந்திருந்த சேறு சொன்னது.
அதற்கும் முன்பு யாரோ
ஓட்டையில் செய்தித்தாள் திணித்து
மேலே பட்டி பூசி
பளபளவென்று அனுப்பியிருக்கிறார்கள்.
இதே வேலையை வாய்களிலும் பார்க்கிறேன்.
செய்தவரைத் திட்டுவதில்லை.
தோண்டுவேன்.

கிளினிக்கிலிருந்து பழைய புரோப் ஒன்று வந்தது.
நல்ல இரும்பு ணங் என்று எதிர்க்கும்.
சொத்தை எதிர்க்காது,
வா என்று உள்ளே விடும்.
"இன்னுமா?" என்பார் கிரைண்டரோடு டேனிஸ்லாஸ்.
"இன்னும்."
மாடிவீட்டில் இரண்டிலிருந்து நான்கு வரை
உறங்குவார்கள்.
அந்த நேரத்துக்கு உப்புத்தாள்.
ஒருநாள் உபேந்திரன்
தரையில்லாத காரில் உட்கார்ந்து
இரண்டு கால்களையும் சிமெண்டில் ஊன்றி
மவுண்ட் ரோடு வரை போய்வந்தார்,
வாயாலேயே கியர் மாற்றி.

பழைய எஞ்சினைச் சங்கிலியில் தூக்கியபோது
எதுவும் தோன்றவில்லை.
ஒரு சிலிண்டரில் தண்ணீர்,
இன்னொன்றில் பாச்சை.
அதுவும் ஆடியது, நாங்களும் தள்ளிப்போனோம்.

எஞ்சின் மாற்ற மனு கொடுத்த இடத்தில்
ஒன்றே ஒன்று கேட்டார்கள்:
சேஸிஸ் நம்பரைப் பென்சிலில் தேய்த்துக் கொண்டு வா.
எண் இருந்த இடத்தில் பச்சை,
சுரண்டினால் க்ரீம்,
அதற்கடியில் முன்னதைவிட நல்ல பச்சை.
பிறகு இரும்பு.
ஆர்.சி. புத்தகத்தில் கடைசி இலக்கம் எட்டு.
இரும்பில்
இடதுபக்கம் துரு தின்று
மூன்று.

டேனிஸ்லாஸ் உளியை எடுத்தார்.
"சும்மா ரெண்டு கொத்து. எட்டாயிடும்."
ஆகிவிடும்.
என் கையும் அதற்கு மேலே
விளக்கைச் சரியாகத்தான் பிடித்தது,
சில நொடி.
பிறகு அவரை டீக்கு அனுப்பினேன்.

லூப் மாட்டி, மல்லாந்து படுத்து,
மணல் மணலாகத் துருவை எடுத்தேன்.
தெருவில் மீன் வண்டி போனது, திரும்பியும் போனது.
கண்ணுக்கு மூன்றுதான்.
விரலுக்கும் மூன்று.
பட்டர் பேப்பரை வைத்து
பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன்.
இடதுபக்கம்,
தூங்குகிறவன் இமை மாதிரி
இரண்டு மெல்லிய வளைவு.
நிச்சயமாகச் சொல்ல முடியாது.
டேனிஸ்லாஸ் எட்டு என்றார்.
உபேந்திரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
மறுபடி பார்த்தார்.

திங்கள் பகலுக்கு டோக்கன்.
அதற்குமுன் ஒரு ரூட் கெனால்.
உறை மாட்டப் போன என் நகங்களைப் பார்த்து,
நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டார்
அந்தம்மா:
"மருதாணி நல்லா பிடிச்சிருக்கே,
எந்த இலை?"